நீலப்பூ கார்னிங் வேர்: 1960களின் அமெரிக்கச் சட்டி டர்பன் சமையலறையில் தாங்குமா?

பால்வெள்ளைச் சட்டி. பக்கத்தில் மூன்று நீலப் பூக்கள். இரண்டு ஓரத்திலும் சின்னக் காது, மேலே கண்ணாடி மூடி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய சாமான் சந்தைகளிலும் தர்மக் கடைகளிலும் இது அடிக்கடி கண்ணில் படும். நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் ஆயா வைத்துவிட்டுப் போன அலமாரியிலும் ஒன்றிரண்டு இருக்கும். இருந்தும் பெரும்பாலானவர்களுக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பீங்கான் என்று நினைத்துப் பயந்து சாலட் மட்டும் வைக்கிறவர்கள் உண்டு. அடுப்பில் ஏற்றி, எண்ணெய் காயவைத்து, கடுகு தாளித்து, அடி கருகியதும் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அந்தச் சட்டிக்குச் செய்கிற அநியாயம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவன் அடுப்புக்கும் (ஓவன்) ஃப்ரிட்ஜுக்கும் சிறு தீக்கும் புளிக்கும் இதைவிட நல்ல பாத்திரம் கிடைப்பது கஷ்டம். தாளிக்க, வெங்காயம் வதக்க, மசாலா வறுக்க இது ஆகாது. ஒன்றே ஒன்று வாங்குவதானால் 1¾ குவார்ட் (சுமார் 1.65 லிட்டர்), இரண்டு வாங்குவதானால் கூடவே 2½ குவார்ட். நீலப்பூ போட்ட காபி பெர்கோலேட்டரை (காபி கொதிக்கவைக்கும் கூஜா) மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் அடுப்பில் ஏற்றாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

இந்தச் சட்டி பிறந்தது ஒரு தவறில். நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற ஊரில் இருக்கும் கண்ணாடி கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், 1953இல் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தகட்டைச் சூளையில் வைத்தார். 600 டிகிரிக்குப் போக வேண்டிய சூடு, கட்டுப்பாட்டுக் கருவி கெட்டுப்போனதால் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி வழிந்து சூளையே பாழாகியிருக்கும் என்று நினைத்துத் திறந்தால், தகடு உருவம் கலையாமல் பால்போல வெளுத்துக் கிடந்தது. இடுக்கியால் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது, ஆனால் உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் நெருக்கமாக வளர்ந்து அது வேறு பொருளாகவே மாறிப்போயிருந்தது. அதற்குப் பைரோசெராம் என்று பெயர் வைத்தார்கள். 1958இல் கார்னிங் வேர் என்ற பெயரில் சமையலறைக்கு வந்தது. ஸ்டூக்கி 2014இல் தமது 99ஆவது வயதில் காலமானார்.

சாதாரணக் கண்ணாடி சூட்டில் ஏன் வெடிக்கிறது என்று தெரிந்தால் இந்தச் சட்டியின் அருமை புரியும். கொதிக்கிற கண்ணாடிப் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் வெளிப்பக்கம் உடனே சுருங்கும், உள்பக்கம் விரிந்தபடியே இருக்கும். அந்த இழுபறியில் பாத்திரம் தெறிக்கும். கார்னிங் வேரில் இருப்பது லித்தியம், அலுமினியம், சிலிக்கா கலந்த கண்ணாடி. அதில் டைட்டானியம் ஆக்சைடு சேர்த்துச் சூடாக்கும்போது அது விதைபோல நின்று படிகங்களை முளைக்க வைக்கிறது. இப்படி வந்த பொருள் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஏறக்குறைய இல்லை. விரிவே இல்லையென்றால் இழுபறி எங்கே? அதனால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே நெருப்பில் வைக்கலாம் என்று துணிந்து விளம்பரம் செய்தார்கள். அந்தப் பேச்சு பொய்யில்லை.

ஏவுகணையின் மூக்கு செய்யும் அதே பொருள் என்று சொல்லி விற்பதில் மட்டும் பாதிதான் உண்மை. ராடார் அலையை உள்ளே விட வேண்டும், சூட்டையும் தாங்க வேண்டும் என்பதால் ஏவுகணை மூக்குக்குப் பைரோசெராம் பயன்பட்டது நிஜம். ஆனால் அது 9606 என்ற எண் கொண்ட வகை, அதன் படிகம் வேறு. சமையலறைக்கு வந்தது 9608. ஒரே குடும்பம், வேறு பிள்ளை.

அந்த மூக்குக் கதை அமெரிக்காவில் எடுபட்டதற்குக் காலமும் ஒரு காரணம். 1959 ஜூலையில் மாஸ்கோ கண்காட்சியில் வைத்த மாதிரி அமெரிக்கச் சமையலறையின் முன்னால் நின்றுகொண்டு அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷேவும் வாக்குவாதம் செய்தார்கள். அடுப்பும் துணி துவைக்கும் மிஷினும் உலக அரசியலான காலம் அது. 1962 பிப்ரவரி 14இல் அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி டெலிவிஷனில் வெள்ளை மாளிகையைச் சுற்றிக் காட்டினார். ஆறே நாள் கழித்து விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியை மூன்று முறை சுற்றி வந்தார். அதே ஆண்டு சியாட்டிலில் விண்வெளிக் கனவை மையமாக வைத்து உலகக் கண்காட்சி நடந்தது. செப்டம்பரில் ஜெட்சன்ஸ் கார்ட்டூன் வந்தது, அதில் பொத்தானை அழுத்தினால் சாப்பாடு வரும். ராக்கெட் செய்கிற பொருளில் சாப்பாட்டுச் சட்டி என்றால் கல்யாணப் பரிசாகக் கொடுக்க யாருக்குத்தான் ஆசை வராது? டர்பனில் இதையெல்லாம் பத்திரிகைப் படங்களிலும் பயாஸ்கோப் நியூஸ் ரீலிலும்தான் பார்க்க முடிந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு டெலிவிஷன் வந்ததே 1976 ஜனவரி 5இல்தான். நம்மவர் வீடுகள் பலவற்றில் அப்போது பாராஃபின் ஸ்டவ்வும் நிலக்கரி அடுப்பும்தான். ஃப்ரீசரிலிருந்து நெருப்புக்கு என்ற பெருமை, ஃப்ரீசர் இருக்கிற வீட்டுக்குத்தானே பெருமை?

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டியின் அளவைப் பாருங்கள். 1960இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் டெலிவிஷன் இருந்தது. ஸ்வான்சன் கம்பெனியின் டிவி டின்னர் என்ற சமைத்த சாப்பாடு அலுமினியத் தட்டில் உறைந்து வந்தது. டப்பா சூப்பை ஊற்றி, பீன்ஸோ மீனோ கலந்து, அவனில் வைத்து, அப்படியே மேசையில் கொண்டுவந்து வைக்கும் கேசரோல்தான் வார நாள் சாப்பாடு. நாலைந்து பேர், ஒரே சட்டி, கழுவவும் ஒன்றுதான். இந்தப் பாத்திரம் அந்த மேசைக்காக அளந்து செய்தது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டின் அடுக்களைக்கு இது பொம்மைச் சட்டி. பூசைக்கும் கல்யாணத்துக்கும் ஹார்ட் கம்பெனியின் பெரிய அலுமினியப் பானைதான் வேலை செய்யும், அதை இறக்கிவிட்டு இதை ஏற்றப் பார்க்காதீர்கள். வார நாளில் நாலு பேர் சாப்பிடும் வீட்டில், மிச்சக் கறி ஃப்ரிட்ஜில் இருக்கும் வீட்டில், புரட்டாசி விரதத்தில் மூன்று வகைக் காய்கறி தனித்தனியாக வைக்கிற வீட்டில் இதன் மதிப்பு தெரியும்.

அளவு விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இங்கே மெட்ரிக் வருவதற்கு முன் நம் பெரியவர்களுக்குப் பழக்கமான குவார்ட் ஆங்கிலேயக் குவார்ட், 1,136 மி.லி. அமெரிக்கக் குவார்ட் 946 மி.லி.தான். ஆகவே 1 குவார்ட் சட்டி ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. 1½ குவார்ட் 1.4 லிட்டர், 1¾ குவார்ட் 1.65 லிட்டர், 2½ குவார்ட் 2.37 லிட்டர். இது விளிம்பு வரை ஊற்றிய கணக்கு. கொதிக்கிற குழம்புக்கு இதில் முக்கால் பங்குதான் உண்மையான கொள்ளளவு. பழைய அமெரிக்கச் சமையல் குறிப்பில் ஒரு கப் என்றால் 237 மி.லி., நம் கப் 250. அவன் சூடு 350 என்று போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட், நமக்கு 175 முதல் 180 டிகிரி.

வாங்கும்போது சட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். 1958 முதல் 1972 வரை வந்தவை பி வரிசை. பி-1-பி, பி-1¾-பி, பி-2½-பி என்று எண் இருக்கும், அல்லது அளவு மட்டும் இருக்கும். 1972க்குப் பின் வந்தவை ஏ வரிசை. இரண்டும் பைரோசெராம்தான், இரண்டுமே நல்லவை. ஆனால் 2000க்குப் பின் அதே கார்னிங் வேர் பெயரில் வந்தவற்றில் மிகப் பல சாதாரணச் சுட்ட மண் பீங்கான். கார்னிங் கம்பெனி 1998இலேயே தன் சமையலறைச் சாமான் தொழிலை விற்றுவிட்டது. பிறகு பெயர் வேறு கைக்குப் போய், பொருளும் மாறிப்போனது. அந்தப் பீங்கானை அடுப்பில் வைத்தால் உடைந்துவிடும். கண்டுபிடிக்க விரல் போதும். பைரோசெராம் சட்டியின் அடி முழுக்க வழவழ என்று ஒரே மாதிரி இருக்கும். பீங்கானில், தரையில் உட்காரும் விளிம்பு மட்டும் மெருகில்லாமல் சொரசொரவென்று வளையம் போல இருக்கும். அடுப்பில் வைக்கக் கூடாது என்று அடியில் எழுதியும் இருக்கும்.

அடுத்தது விரிசல். உள்ளே சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அவை கரண்டி உரசி விட்டுப்போன உலோகத் தடம். நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடையில்லாமல் வழுக்கினால் தடம், தேய்த்தால் போகும். நகம் சிக்கினால் கீறலோ விரிசலோ. சந்தேகம் இருந்தால் மொபைல் டார்ச்சைச் சட்டிக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். சுவர் மெல்லியதாக இருப்பதால் வெளிச்சம் மங்கலாக ஊடுருவும், மயிரிழை விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும். கடைசியாகக் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல சட்டி மணிபோல ஒலிக்கும். விரிசல் விழுந்தது மண் ஓடு போல மொத்தென்று கேட்கும். மூலையில் சில்லு பெயர்ந்திருந்தால் மேசையில் வைக்கலாம், நெருப்பில் வேண்டாம். இந்தப் பொருள் சூட்டுக்கு அஞ்சாது, ஆனால் இடி பட்டால் தாங்காது. சில்லு பெயர்ந்த இடத்திலிருந்துதான் விரிசல் ஓடத் தொடங்கும், ஓடினால் துண்டு துண்டாகச் சிதறும்.

இனி அடுப்பு. பைரோசெராம் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. இந்தச் சட்டியின் குறை நிறை எல்லாம் இந்த ஓர் எண்ணில் அடங்கும். அலுமினியப் பானையில் தீ ஓரிடத்தில் பட்டாலும் சூடு அடி முழுக்கப் பரவிவிடும். இதில் தீ படுகிற இடம் மட்டும் கொதிக்கும், இரண்டு விரற்கடை தள்ளி வெதுவெதுப்பாக இருக்கும். பெரிய தீயில் எண்ணெய் ஊற்றி வெங்காயம் போட்டால் நடுவில் ஒரு வட்டம் கருகும், ஓரத்தில் பச்சையாகவே கிடக்கும். மசாலா தூளைப் போட்டால் கேட்கவே வேண்டாம், அந்த வட்டத்தில் ஒட்டிக் கசந்துவிடும். ஆகவே தாளிப்பும் வதக்கலும் இரும்புச் சட்டியிலோ அலுமினியத்திலோ முடித்துவிட்டு, தண்ணீரும் புளியும் சேர்ந்த பிறகு இதில் மாற்றுங்கள். திரவம் இருந்தால் அது தானே சுழன்று சூட்டைப் பரப்பிக்கொள்ளும். கேஸில் தீ சட்டியின் அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. மின்சாரத் தட்டில் ஆறு எண் இருந்தால் இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் போதும். இண்டக்ஷன் அடுப்பில் சூடே ஏறாது, இதில் இரும்பு இல்லை.

மெல்ல ஏறும் சூடு மெல்லத்தான் இறங்கும். பருப்போ பாலோ பொங்கப் போகிறது என்று தெரிந்து அடுப்பை அணைத்தாலும் சில விநாடிக்குக் கொதி நிற்காது, பொங்கி வழிந்துவிடும். முன்கூட்டியே அணைக்கப் பழகிக்கொள்ளுங்கள். இதே குணம் லோட் ஷெட்டிங் நேரத்தில் வரமாகிவிடுகிறது. மூடி போட்டு, கனத்த துண்டால் சுற்றி வைத்தால் குழம்பு சாப்பாட்டு நேரம் வரை சூடு குறையாமல் இருக்கும்.

புளிக்குழம்புக்கு இந்தச் சட்டி அருமையிலும் அருமை. அலுமினியத்தில் புளியும் தக்காளியும் நெடுநேரம் கிடந்தால் உலோகம் கரைந்து ருசியில் ஏறும், பானையின் உள்பக்கமும் கறுக்கும். இதில் எந்தப் புளிப்பும் எதையும் கரைக்காது. மீன் குழம்புக்கு 2½ குவார்ட் சட்டியை எடுத்துக்கொண்டால், கணக்கு இப்படி: 600 கிராம் மீன், எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த தண்ணீர், தக்காளி, மசாலா எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் குழம்பு. தாளிப்பும் மசாலாவும் இரும்புச் சட்டியில் பச்சை வாடை போகும்வரை. பிறகு இதில் ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, மீனை அடுக்கி, 180 டிகிரி அவனில் மூடாமல் 20 நிமிஷம். கரண்டி போட்டுக் கிளறத் தேவையில்லாததால் மீன் துண்டு உடையாது. ஆறியதும் மூடி போட்டு அப்படியே ஃப்ரிட்ஜில். மறுநாள் அதே சட்டியைச் சிறு தீயில் வைத்தால் போதும். பாத்திரம் மாற்றுகிற வேலையே இல்லை, மறுநாள் மீன் குழம்பின் ருசியும் குறையாது. டின் மீன் கறிக்கும் இதே முறைதான். மீன் ஏற்கெனவே வெந்தது என்பதால் அவனில் பத்து நிமிஷம் போதும்.

பிரேயானிக்குத் தம் போட 2½ குவார்ட் சரியாக இருக்கும், ஆனால் பேராசை கூடாது. முக்கால் பதம் வெந்த அரிசி, பச்சை அரிசிக் கணக்கில் 300 கிராம். கோழி 500 கிராம். மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்து இரண்டு கைப்பிடி. இதற்கு மேல் போட்டால் மூடி தூக்கும். கண்ணாடி மூடி சட்டியோடு இறுக்கமாக உட்காராது, ஓரத்தில் ஆவி கசியும். சட்டியின் வாயை அலுமினியத் தாளால் இறுக மூடி, அதன் மேல் மூடியை வையுங்கள். 160 டிகிரியில் 45 நிமிஷம், வெளியே எடுத்துத் திறக்காமல் 15 நிமிஷம். அடுப்பின் மேல் தம் போடப் பார்த்தால் நடுவில் அடிப்பிடிக்கும். சூடு பரவாது என்று மேலே சொன்னது இங்கேதான் பழிவாங்கும்.

தயிருக்கு 1¾ குவார்ட். சட்டியில் முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிடுங்கள். காய்ச்சி விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய ஒரு லிட்டர் பால், இரண்டு கரண்டி உறை. துண்டில் சுற்றினால் கோடையில் ஆறு மணி நேரம், ஜூன் ஜூலைக் குளிரில் எட்டு மணி நேரம். குளிர் அதிகமென்றால் சூடில்லாத அவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். சோஜிக்கு ரவையை நெய்யில் வறுப்பது வேறு சட்டியில். பாலும் சர்க்கரையும் சேர்த்த பின் இதில் மாற்றினால் கெட்டியாகும் வரை அடி ஒட்டாமல் வரும், மேசையில் வைக்க அழகாகவும் இருக்கும். மக்கரோனி பைக்குச் சொல்லவே வேண்டாம், அது இந்தச் சட்டி பிறந்த ஊர்ச் சமையல். ஷுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பயறை மட்டும் இதில் போட்டு வேகவைக்க முயலாதீர்கள். குக்கரில் வேகவைத்துவிட்டு, கறி கூட்டுவதை இதில் செய்யுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து நேரே அடுப்பு என்பதில் சட்டிக்கு ஆபத்தில்லை, சாப்பாட்டுக்குத்தான் ஆபத்து. உறைந்த கறியின் அடிப்பக்கம் உருகுவதற்குள் தீ படும் இடம் கருகிவிடும். மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி, மிகச் சிறு தீயில் தொடங்குங்கள். அவனில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூடி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மூடி பைரோசெராம் இல்லை, அது பைரெக்ஸ் கண்ணாடி. சட்டி தாங்கும் அதிர்ச்சியை மூடி தாங்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சட்டியை அடுப்பில் ஏற்றும்போது மூடியைத் தனியே எடுத்துவிடுங்கள். சாப்பாடு சூடேறிய பிறகு, அறைச் சூட்டுக்கு வந்த மூடியைப் போடலாம். சூடான மூடியை ஈரமான சிங்கிலோ குளிர்ந்த கிரானைட்டிலோ வைத்தால் டப்பென்று போகும். மடித்த துணி மேல் வையுங்கள். கிரில் நேர் கீழே மூடி போகவே கூடாது.

கழற்றி மாட்டும் கைப்பிடியும் அந்தக் காலத்தில் வந்தது. சட்டியின் காதில் கொக்கியை மாட்டிப் பூட்டித் தூக்க வேண்டும். பார்க்க அழகு, 1 குவார்ட்டுக்குப் பரவாயில்லை. ஆட்டம் இருந்தால் தொடாதீர்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் நிரம்பிய 2½ குவார்ட்டை அதைக் கொண்டு தூக்க வேண்டாம். குழம்பு மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல், அத்தனை கனமும் ஒரே காதில் விழும். துணி பிடித்து இரண்டு காதிலும் கை கொடுங்கள். அவனுக்கும் மைக்ரோவேவுக்கும் போகும் முன் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். சட்டியைத் தாராளமாக மைக்ரோவேவில் வைக்கலாம்.

இனி பெர்கோலேட்டர். உயரமான வெள்ளைக் கூஜா, கழுத்தில் பளபளக்கும் உலோகப் பட்டை, அதோடு சேர்ந்த கைப்பிடி. 1960களின் படங்களில் காணும் அமெரிக்கக் காலைச் சாப்பாட்டு மேசையின் அழகே அதுதான். அந்தப் பட்டையைக் கூஜாவோடு பிடித்து வைத்திருப்பது பசை. சூட்டிலும் ஆவியிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து பசை விட்டுப்போனால், கைப்பிடி கையில் நிற்கும், கொதிக்கிற காபியோடு கூஜா கீழே போகும். கம்பெனியே 1979இல் இவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று சந்தையில் இருப்பவை அந்த அழைப்புக்குத் தப்பியவை. பசைக்கு அன்று இருந்த வலு இன்று இன்னும் குறைந்திருக்கும். பூ வைக்க நல்லது. மின்சாரத்தில் ஓடும் வகைக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் சுருள் எரிந்துபோகும்.

சுத்தம் செய்வதில் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம். நுண்துளை இல்லாத பொருளாதலால் கறை உள்ளே இறங்காது. விளிம்புக்குக் கீழே குழம்பு நின்ற மட்டத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு படியும், அவ்வளவுதான். மூன்று பங்கு சமையல் சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுப் பசையாக்கி, அந்தக் கோட்டில் தடவி, இருபது நிமிஷம் விட்டு ஈரத் துணியால் தேயுங்கள். அடியில் கருகிய வட்டம் இருந்தால் சட்டியில் பாதித் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சோடா, சிறு தீயில் பத்து நிமிஷம், ஆறிய பின் மரக் கரண்டியால் சுரண்டினால் தகடாகப் பெயரும். கரண்டி விட்ட சாம்பல் தடத்துக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தேய்ப்புத் தூள் போதும். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஊறவிடாமல் நன்றாகக் கழுவிவிடுங்கள். இரும்பு நார் ஆகவே ஆகாது. அது மெருகைக் கீறும், பிறகு கறி ஒட்ட ஆரம்பிக்கும். பூ வெளிப்பக்கத்தில் மட்டும் இருப்பதால் சாப்பாடு அதைத் தொடாது. அந்தப் பக்கத்தை மென்மையான துணியால் மட்டும் துடையுங்கள்.

விலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடியில் அபூர்வ முத்திரை இருக்கிறது, ஆயிரக்கணக்கான டாலர் மதிப்பு என்று இணையத்தில் விளம்பரம் போடுவார்கள். நம்பாதீர்கள். விற்கிறவர் கேட்கும் விலை வேறு, வாங்கினவர் கொடுத்த விலை வேறு. ஜோசப் பாம் என்ற ஓவியர் வரைந்த இந்த நீலப்பூ முப்பது ஆண்டு போல அச்சாகிக்கொண்டே இருந்தது. கோடிக்கணக்கில் புழங்கிய பொருளில் அபூர்வம் எங்கிருந்து வரும்? புது அலுமினியப் பானை விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறவர்கள் சட்டியைவிட மூடிக்குத்தான் பயப்பட வேண்டும். சட்டிக்குள் மூடியைத் தலைகீழாகப் போட்டுக் கட்டி அனுப்புவார்கள், வந்து சேரும்போது மூடி தூளாக இருக்கும். மூடியைத் தனியாகச் சுற்றி, பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி அனுப்பச் சொல்லுங்கள். மூடியை மட்டும் தேடி வாங்குவதானால் பிடியின் பக்கத்தில் இருக்கும் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1, 1½, 1¾ குவார்ட் பி வரிசைச் சட்டிகளுக்கு பி-7-சி, 2½ குவார்ட்டுக்கு பி-9-சி. ஏ வரிசை மூடி பி வரிசைச் சட்டியில் உட்காரும் என்று யாராவது சொன்னால், சட்டியைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.